பாதாம் பிஸ்கோத்தும் பாகநூல் வரலாறும்

அரசர்கள் செய்த போர்களையும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளையும் நெட்டுருச் செய்வதே சரித்திரம் என்று நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. போர் முடிந்த மறுநாள் அவ்வரசன் என்ன உண்டான், அதை ஆக்கிப் படைத்தவர் யார், அதற்கு வேண்டிய மாவும் நெய்யும் சர்க்கரையும் எவருடைய உழைப்பால் வந்தன என்னும் கேள்விகளை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலோ, "அடுப்பங்கரைச் சமாசாரத்துக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நகைப்பர். சம்பந்தம் உண்டு என்பதே நம் கருத்து. அதை மெய்ப்பிக்கப் பெரிய ஆதாரம் ஒன்றும் வேண்டுவதில்லை. பினாங்கில் பண்டிகை தோறும் தகரக் குவளைகளில் நிரம்பும் வெள்ளைச் சீனி தூவிய பாதாம் பிஸ்கோத்து ஒன்றே போதும்.

அந்தப் பிஸ்கோத்தை அறியாதார் இலர். விரலால் அழுத்தினால் உதிரும். நாவில் வைத்தால் கரையும். உண்டவன் மறைக்க நினைத்தாலும் அவன் சட்டையின் மேற்படிந்த வெண்பொடி காட்டிக் கொடுத்துவிடும். வெண்ணெய், மாவு, சர்க்கரை, பாதாம் என்னும் நான்கே பொருள்களால் ஆவது. ஆயினும் இந்நான்கும் ஒரு தட்டில் வந்து கூடுவதற்கு ஆயிரம் ஆண்டுகளும் பல கடல்களும் வேண்டியிருந்தன.

பினாங்குத் தட்டு

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பார் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதன் பின்னர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரும், கெடாவிலிருந்தும் புக்கெட்டிலிருந்தும் வந்த போர்த்துகேய வழித்தோன்றலாகிய சிராணி மக்களும், சீனரும், மலாய்க்காரரும், அராபியரும் இந்நகரில் குடியேறினர். ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்தையும் மொழியையும் கொணர்ந்ததுபோலவே தத்தம் அடுப்பையும் கொணர்ந்தனர்.

இன்று பினாங்கில் நோன்புப் பெருநாளன்று மலாய்க்காரர் இல்லத்தில் 'குவே மக்மூர்' என்னும் பலகாரம் வைப்பர். நெய்யிற் பிசைந்த மாவினுள் பொடித்த நிலக்கடலையை வைத்துச் சுட்டு, மேலே வெண்சீனியிற் புரட்டியது அது. தீபாவளிக்குத் தமிழர் வீட்டில் 'நெய் பிஸ்கட்' உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சிராணியர் வீட்டில், ரவையும் வெண்ணெயும் அரைத்த பாதாமும் சேர்ந்த 'சூஜி கேக்' உண்டு. ரவைக்கு இந்துஸ்தானியில் வழங்கும் பெயரே சூஜி என்பதை நாம் அறிவோம். சீனப் புத்தாண்டுக்குச் சீனர் இல்லங்களில் வாயில் உதிரும் கடலைப் பிஸ்கோத்தும் பாதாம் பிஸ்கோத்தும் உண்டு.

இவற்றை அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். செய்முறை ஏறக்குறைய ஒன்றே; மாறுவது கொழுப்பு மட்டுமே. பழைய சீனச் செய்முறையிற் பன்றிக் கொழுப்பு, முஸ்லிமிடத்தும் இந்துவிடத்தும் நெய், சிராணியரிடத்து வெண்ணெய். பாதாம் விலை மிகுந்த காலத்தில் அதனிடத்தில் நிலக்கடலை வந்து அமர்ந்தது. மதங்கள் தங்களுக்குள் எத்துணை வேலி எழுப்பிக்கொண்டாலும், பலகாரமானது கொழுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு வேலியைத் தாண்டிவிடுகிறது. நெய்யிற் செய்தது, முட்டையில்லாதது என்று தெரிந்துவிட்டால் அத்தட்டு எவர் வீட்டு வாயிலிலும் நுழையலாம். பண்டிகை நாளில் கதவைத் திறந்து வைத்து எல்லா இனத்தாரையும் வரவேற்கும் மலேசிய வழக்கத்துக்கு இத்தகைய பலகாரங்கள் செய்துள்ள உதவி, மேடைப் பிரசங்கங்கள் பலவற்றினும் பெரிது என்று சொல்வோம்.

பிஸ்கோத்து வந்த வழி

இதன் மூதாதையைத் தேடிப் போவோமாயின் பாக்தாது நகரம் வரையிற் செல்ல வேண்டும். அங்கே 10ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்வர்ராக் என்பவர் அறுநூறுக்கு மேற்பட்ட செய்முறைகளைத் தொகுத்தார். பிறகு 1226ஆம் ஆண்டில் முகம்மது பின் ஹசன் அல்பாக்தாதி என்பவர் மற்றொரு பாகநூல் எழுதினார். அதில் 'குஷ்கனானஜ்' என்றொரு பண்டம் கூறப்பட்டிருக்கிறது. வெண்மாவை நல்லெண்ணெய் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, பொடித்த பாதாமும் சர்க்கரையும் பன்னீரும் கலந்த பூரணத்தை நடுவில் வைத்து, மூடிச் சுட வேண்டும். பாதாம் சர்க்கரையிற் பாதியளவு இருக்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். பினாங்கின் மக்மூரைச் செய்பவள் கையில் இந்நூலைக் கொடுத்தால் அவள் வியப்படைய மாட்டாள். "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்பாள்.

அராபியரோடு சர்க்கரையும் பாதாமும் ஸ்பெயின் வரையிற் சென்றன. அங்கே 'பொல்வோரோன்' என்னும் உதிரும் பண்டம் வழங்குகிறது. 'தூள்' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. துருக்கியிலே 'குராபியே' என்பதும், கிரேக்க நாட்டிலே திருமணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெண்சீனியில் மூழ்கி வரும் 'குராபியேதெஸ்' என்பதும் அதே குடும்பம். பிஸ்கோத்து என்னும் சொல்லோ 'இருமுறை சுட்டது' என்று பொருள்படும் இலத்தீன் தொடரினின்று வந்தது. கடற் பயணத்திற் கெடாதிருக்க வேண்டி இருமுறை சுட்ட ரொட்டிக்கு முதலில் ஏற்பட்ட பெயர்.

நம் பக்கத்துக் கதை சூரத்தில் இருக்கிறது. டச்சுக்காரர் அங்கு வாணிகம் செய்த நாளில் ரொட்டிக் கடை ஒன்று வைத்தனர் என்றும், அவர்கள் நீங்கியபின் அது பார்சி ஒருவர் கைக்கு வந்தது என்றும், கள்ளூற்றிப் புளிக்க வைத்த ரொட்டியை உள்ளூரார் தீண்ட மறுத்தமையால் கள்ளும் முட்டையும் இல்லாத உலர்ந்த பிஸ்கோத்தை அவர் செய்யலானார் என்றும், அதுவே 'நான்கத்தாய்' ஆயிற்று என்றும் கூறுவர். 'நான்' என்பது பாரசீகத்தில் ரொட்டி. கதை எவ்வளவு தூரம் மெய்யாயினும் அதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. "இதைத் தொடாதே, அதை உண்ணாதே" என்னும் கட்டுப்பாட்டுக்கு அடுப்பிலிருந்தே ஒரு மறுமொழி பிறந்திருக்கிறது.

இனி நம் வீட்டு மாவுருண்டையைப் பாருங்கள். பயற்றை வறுத்து அரைத்து, சீனியைப் பொடித்துச் சேர்த்து, காய்ச்சிய நெய்யை ஊற்றிச் சூடு ஆறுமுன் பிடிக்கிறோம். தோட்டத்து லயங்களிலும் இதுவே நெய்யுருண்டை என்று தீபாவளிக்குத் தவறாமல் வரும். மாவு, கொழுப்பு, பொடித்த சீனி என்னும் மூன்று அங்கமும் அதிலும் உண்டு, இதிலும் உண்டு. பிஸ்கோத்தில் மாவு உருட்டிய பின் சுடப்படுகிறது. உருண்டையில் உருட்டுமுன் வறுக்கப்படுகிறது. வேற்றுமை அவ்வளவே. நம் பாட்டிமார்க்குச் சூட்டடுப்பு இல்லாமற் போயிற்றேயன்றி அறிவு இல்லாமற் போகவில்லை.

சீனியின் கதை

பிஸ்கோத்தின் மேலிருக்கும் வெண்பொடிக்கு வருவோம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தி புறநானூற்றில் ஔவையார் பாட்டில் இருக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் தொழில் இந்தியாவில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. 'சர்க்கரா' என்னும் சொல் பாரசீகத்தில் 'ஷக்கர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. 'கண்டம்' என்பது 'காண்டி' ஆயிற்று. 647ஆம் ஆண்டில் சீனப் பேரரசர் தைசோங் இத்தொழிலைக் கற்றுவர மகத நாட்டுக்கு ஆளனுப்பினார் என்று சீன வரலாறு கூறுகிறது. கற்றவர்கள் அதை மேலும் வெளுப்பாக்கினர். அவர்கள் நாட்டிலிருந்து திரும்பி வந்த வெண்சர்க்கரைக்கு நாம் 'சீனி' என்று பெயரிட்டோம். கொடுத்ததையே வேறு பெயரில் திரும்பப் பெற்றோம் என்க.

இதுவரையில் கதை இனிப்பானது. மேல்வருவது கசப்பானது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையை ஆங்கிலேயர் 'புரொவின்ஸ் வெல்லெஸ்லி' என்றழைத்தனர். அங்கே பத்து காவானில் சீனர் முதலிற் கரும்பு பயிரிட்டனர். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் புகுந்தனர். இயந்திர ஆலைகள் எழுந்தன. ஆலைக்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறிய பின், சர்க்கரை முதலாளிகளின் கண் உலகெங்கும் இந்தியக் கூலிகளின் மேல் விழுந்தது. மொரீஷியஸுக்கும், பிரிட்டிஷ் கயானாவுக்கும், பின்னர் நேட்டாலுக்கும் பீஜிக்கும் கப்பலேறியதுபோலவே நம்மவர் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் கப்பலேறினர். மலாயாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் என்றவுடன் ரப்பர் மரமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ரப்பருக்கு முன்னரே, நிபோங் திபாலைச் சூழ்ந்த கலிடோனியா முதலிய தோட்டங்களில் நம்மவர் வெட்டியது கரும்பு.

அவர்கள் வந்தது ஒப்பந்தக் கூலிகளாக. கப்பற் கூலியும் முன்பணமும் கடனாக எழுதப்படும், அக்கடன் தீரும்வரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை, தோட்டத்தை விட்டு நீங்கலாகாது, நீங்கினால் சிறை. கரும்பு வெட்டுவதோ வாள்போன்ற தோகையிடையே நின்று செய்யும் வேலை. வெட்டிய கரும்பை நெடுநேரம் வைத்திருக்க முடியாது, சாறு புளித்துப்போம். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை நிற்பதில்லை, ஆளும் நிற்பதற்கில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறவே கரும்புக் கொல்லைகள் ரப்பர்க் காடுகளாயின. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டோடு ஒழிந்தது. 1964இல் பிறையில் மீண்டும் ஒரு சீனி ஆலை இயங்கத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய கச்சாச் சர்க்கரை கடல் கடந்து கப்பலில் வந்தது. அக்கரையில் கரும்புக் கொல்லை இல்லை.

அக்காலத்தில் ஐரோப்பியத் துரைசானிகளின் மாலைத் தேநீர் மேசையில் சீனி தூவிய பிஸ்கோத்து இருந்தது. அதன் மேலிருந்த வெண்பொடியில் எம்மவர் வியர்வையும் சேர்ந்திருந்தது என்று நாம் சொன்னால் அது கவிதையன்று, கணக்கு. ஆயினும் எந்தப் பாகநூலாவது, "சர்க்கரை இத்தனை அவுன்சு" என்று எழுதியவிடத்து, அதை விளைவித்தவனைப் பற்றி ஒரு சொல் எழுதியதுண்டா?

பாகநூல்கள்

இங்கே பாகநூல்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். உலகில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய சமையற் குறிப்புகள், கி.மு. 1700ஐ அடுத்த காலத்துப் பாபிலோனியக் களிமண் ஏடுகளில் உள்ளன. அவை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் அவற்றை மருந்துக் குறிப்புகள் என்று எண்ணினராம். அது இயல்பான மயக்கமே. செய்முறையைக் குறிக்கும் 'ரெசிப்பி' என்னும் சொல்லே 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் இலத்தீன் ஏவல். வைத்தியர் மருந்துச் சீட்டின் தலைப்பில் எழுதிவந்த சொல். நம் சித்த வைத்திய ஏடுகளும் பலம், வராகனெடை, உழக்கு, ஆழாக்கு என்று அளவு சொல்லி, இடி, சலி, கிண்டு, இறக்கு என்று ஏவிச் செல்கின்றன. மருந்தும் உணவும் ஒரே அம்மியில் அரைபட்டவை.

தமிழிலும் மடைநூல் பற்றிய குறிப்பு பழையது. வீமன் இயற்றியதாகச் சொல்லப்பட்ட மடைநூலின்படி ஆக்கிய உணவைச் சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12ஆம் நூற்றாண்டிற் செய்த 'மானசோல்லாசம்' உணவுக்கென ஒரு பகுதியே வகுத்தது. 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாளவத்துச் சுல்தான் கியாத் ஷாவுக்காக வண்ணப் படங்களோடு 'நிஃமத்நாமா' எழுதப்பட்டது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியின் அரண்மனைச் சமையலைக் கூறும் சுவடி சரசுவதி மகாலில் உண்டு.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்குங்கால் ஒன்று தெளிவாகும். இவை அரசர் உண்டவை. குடியானவன் குடித்த கூழுக்கு எவரும் ஏடு எழுதவில்லை. அரண்மனை ஏட்டிலும் அரசன் பெயர் உண்டு. கிண்டியவன் பெயர் இல்லை. அன்றியும் பழைய நூல்களிற் பெரும்பாலனவற்றில் அளவு திட்டமாக இல்லை. "போதிய அளவு", "வேண்டியமட்டும்", "பதம் வரும்வரை" என்பவற்றைக் கொண்டு, ஏற்கெனவே தெரிந்தவரே செய்ய முடியும்; தெரியாதவர்க்கு அந்நூல் பூட்டிய பெட்டியே.

அப்பெட்டியைத் திறந்தவர்கள் பெண்கள். இங்கிலாந்தில் 1845இல் எலிசா ஆக்டன் என்னும் அம்மையார், ஒவ்வொரு செய்முறைக்கும் பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் தனியே தொகுத்துக் கொடுத்தார். 1861இல் வெளிவந்த திருமதி பீட்டனின் பெரும் புத்தகம் அம்முறையைப் பரப்பிப் பெரும் புகழ் பெற்றது. ஆக்டனுடையவும் பிறருடையவுமான செய்முறைகள் பல அதில் அவர்கள் பெயரின்றியே இடம் பெற்றன. 1896இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பானி பார்மர் என்னும் அம்மையார், கரண்டியையும் கிண்ணத்தையும் விளிம்போடு மட்டம் தட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் எவருடைய கைராசியையும் நம்பாமல், எழுத்தறிந்த எந்த ஏழைப் பெண்ணும் அதே பண்டத்தை அதே சுவையோடு செய்யலாம் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. இரகசியமாயிருந்தது பொதுவுடைமையாயிற்று.

தமிழிலே எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். மணமாகிப் புறப்படும் பெண்களின் பெட்டியில் அந்நூல் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சென்றது. அதுவும் ஒரு குலத்தாரின் அடுக்களையையே பெரிதும் காட்டியதாயினும், அளவு சொல்லி எழுதிய அதன் பயனை நாம் மறுப்பதற்கில்லை.

பெயரில்லாத கைகள்

1878இல் சென்னையிலே 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்பவர், இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்க்கு ஒரு சமையற் புத்தகம் எழுதினார். அதில் வரும் சமையற்காரனுக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. எந்த வீட்டுச் சமையற்காரனும் ராமசாமியே. மலாயாவிலோ தோட்டத் தமிழன் ஒவ்வொருவனையும் அதே பெயரால் அழைக்கும் வழக்கம் வெள்ளையரிடம் இருந்தது. 1920களில் சிங்கப்பூரில் 'மெம்'களுக்கென்றே தனிச் சமையற் புத்தகம் வெளிவந்தது. அத்தகைய புத்தகங்களைப் பார்த்துத் துரைசானி சொல்லச் சொல்ல, மாவு பிசைந்ததும் அடுப்பில் தணல் தள்ளியதும் ஹைனான் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஆகிய வேலையாட்கள். புத்தகத்தில் எழுதியது பிழையாயிருந்தாலும் அடுப்பில் அதைத் திருத்தியவர்கள் அவர்களே. மேலும் கீழும் தணலிட்டுச் சுடும் பழைய அடுப்பில் சூட்டை அளக்கக் கருவி ஏது? உள்ளே கையை நீட்டி எண்ணிப் பார்த்து அறிந்த அறிவு அது. அந்த அறிவுக்கு உரியவர் பெயரை எந்த அட்டையில் காண்கிறோம்?

ரொட்டியின் கதையும் இப்படியே. பினாங்கில் பெயர்பெற்ற 'ரொட்டி பெங்காலி'யைப் பல்லாண்டுகளாகச் சுட்டுவருபவர்கள் தமிழ் முஸ்லிம்கள். 'பெங்காலி' என்பது வங்காளத்தைக் குறிப்பதன்று, கூட்டு வைத்த 'பங்காளி'களைக் குறித்த தமிழ்ச் சொல்லே திரிந்தது என்று இந்நகரிற் சொல்வாருண்டு. தன் சொல்லைத் தானே எழுதி வைக்காத சமூகத்தின் சொல்லுக்குப் பிறர் வேறு பொருள் சொல்லிவிடுவர் என்பதற்கு இக்கதையும் ஓர் எச்சரிக்கையாகும்.

பசியில் எழுதியவை

"செய்முறையை எழுதி வைப்பதால் என்ன பெரும் பயன்?" என்று இன்னும் ஐயுறுவோர்க்கு இரண்டு செய்திகள் கூறுவோம்.

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஐரோப்பியப் பெண்கள் பலர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். பசி தாளாத அப்பெண்கள் ஒன்றுகூடி, தாம் ஒரு காலத்தில் உண்ட விருந்துகளை நினைந்து, அவற்றின் செய்முறைகளை ஒருவர்க்கொருவர் சொல்லி எழுதினர். அவர்களுள் ஒருவரான கனடா நாட்டு ஈதெல் மல்வனி அம்மையார் விடுதலைக்குப் பின் அவற்றை 1946இல் புத்தகமாக அச்சிட்டு, வந்த பணத்தைப் போர்க் கைதிகளாயிருந்தவர்க்கு உதவினார். ஐரோப்பாவிலோ நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் மீனா பாக்டர் என்னும் யூத மூதாட்டியும் மற்றப் பெண்களும் தம் வீட்டுப் பலகாரங்களின் செய்முறைகளை எழுதினர். மீனா பாக்டர் 1944இல் அங்கேயே மாண்டார். அக்கையெழுத்துத் தாள்கள் கை மாறிக் கை மாறி ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின் நியூயார்க்கிலிருந்த அவர் மகளை அடைந்தன, 1996இல் நூலாயின. உண்ண ஒன்றுமில்லாதவர்கள் உணவைப் பற்றி எழுதியது ஏன்? தாங்கள் எண்ணிட்ட கைதிகளல்லர், ஒரு வீட்டையும் ஒரு மேசையையும் உடைய மனிதர்கள் என்பதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதற்காகவே என்று நாம் கருதுகிறோம்.

அதே காலத்தில், பினாங்கு 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரையில் ஜப்பானியர் கையிலிருந்தது. மாவும் சீனியும் அரிதாயின. மரவள்ளிக் கிழங்கே மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மடிந்தனர். அவர்களும் பசித்திருந்தனர், அவர்களும் இரவில் தாயின் கையுணவை நினைந்திருப்பர். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர்க்குக் காகிதமுமில்லை, எழுத்துமில்லை. சாங்கிப் பெண்களின் நினைவு அச்சேறியது. நம்மவர் நினைவு அக்காட்டிலேயே புதைந்தது. கல்வியின்மை என்பது உயிரோடு இருக்கையில் மட்டுமன்று, இறந்த பின்னும் மனிதனை வறியவனாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

செய்முறை

ஆகவே பிறர்க்குச் சொன்னதை நாமும் செய்ய வேண்டுமன்றோ? ஏறத்தாழ 40 பிஸ்கோத்துக்கு அளவு இது. வெண்ணெய் 200 கிராம். உள்ளே சேர்க்கப் பொடிச் சீனி 60 கிராம். கோதுமை மாவு 250 கிராம். பாதாம் 100 கிராம். உப்பு ஒரு சிட்டிகை. மேலே தூவப் பொடிச் சீனி 100 கிராம்.

பாதாமை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, நன்கு ஆறவிட்டுக் கரகரப்பாகப் பொடிக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் கக்கிக் களியாகும். வெண்ணெயையும் சீனியையும் வெளுத்து நுரைக்கும்வரை குழைத்து, மாவையும் பாதாமையும் உப்பையும் சேர்த்துத் திரளும் அளவுக்கு மட்டும் பிசைய வேண்டும். தண்ணீர் விடலாகாது, முட்டையும் வேண்டா. கோதுமையில் உள்ள பசைச் சத்து நீரோடு சேர்ந்து பிசையப் பிசைய இழை கட்டும். அதுவே ரொட்டிக்கு வலிமை தருவது. இங்கே கொழுப்பானது மாவுத் துகளைச் சுற்றிப் படிந்து அவ்விழை கட்டாதபடி தடுக்கிறது. பிஸ்கோத்து உதிர்வதன் காரணம் இதுவே.

நெல்லிக்காய் அளவு உருட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கி, 160 பாகைச் சூட்டில் 18 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். அடிப்புறம் மட்டும் சற்றே சிவந்தால் பதம். சூடு பாதி தணிந்ததும் ஒரு முறையும், முற்றும் ஆறிய பின் மறு முறையும் சீனி தூவ வேண்டும். முதற்பூச்சு ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் பூச்சு வெண்மையாக நிற்கும். வெண்ணெய்க்குப் பதிலாக நெய் இடுவோர் 160 கிராமோடு நிறுத்துக. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு, நெய்யில் இல்லை. பாதாமுக்கு வகையில்லையேல் வறுத்த நிலக்கடலை இடுக, குறைவொன்றுமில்லை. பினாங்கின் ஈரக் காற்றுப் படாமல் இறுக மூடிய குவளையில் வைத்தால் இரண்டு வாரம் கெடாது.

நாம் வேண்டுவது

தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள நம் அன்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிப்போம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக்கப்பட்டும் மறைந்தன, லயங்கள் இடிந்தன. அந்த லயங்களில் வாழ்ந்த மூதாட்டிகள் பலர் நகர்ப்புற அடுக்குமாடிகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர். விறகடுப்பில் அவர்கள் ஆக்கியவை, ரேஷன் அரிசியிலும் கருவாட்டிலும் அவர்கள் கண்ட சுவைகள், பண்டிகைக்கு முன்னிரவு லயம் முழுதும் கூடி உருட்டிய உருண்டைகள் இவையெல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றனவேயன்றி எந்தத் தாளிலும் இல்லை. "எங்கள் வீட்டுக் கைமணம்" என்று மருமகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைப்பதில் ஒரு பெருமையும் இல்லை. மறைத்தவரோடு அது மாண்டுபோகும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும் ஒரு தராசும் போதும். பாட்டி கைப்பிடி மாவை எடுக்கும்போது அதைத் தராசில் இட்டு எழுதுங்கள். அவர் பெயரையும், பிறந்த தோட்டத்தையும், யாரிடம் கற்றார் என்பதையும் மேலே எழுதுங்கள். இவ்வேலை பெண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. உண்பதில் முந்தும் ஆண்மக்கள் உருட்டுவதிலும் எழுதுவதிலும் பிந்த வேண்டிய நியாயம் என்ன? எழுதிய பின் அதை அடுத்த வீட்டு மலாய் அம்மைக்கும் சீனத் தோழிக்கும் கொடுங்கள்; அவர்களுடையதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி எழுதப்படும் பாகநூலில் ராமசாமி என்னும் பொதுப் பெயருக்கு இடம் இருக்கலாகாது. செய்தவர் யாரோ அவருடைய சொந்தப் பெயர் அங்கே நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய மையும் தாளும் இன்று நம்மிடம் இருக்கின்றன. பாட்டியும் இன்று இருக்கிறார்.